வயல் வரைபடத்தில் பெரிதாக்கிய உட்படம்

ஒரே வயலுக்குள் மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேடான பகுதி மணற்பாங்காக இருக்கும். பள்ளமான பகுதி களியாக இருக்கும். வடிகால் இல்லாத ஒரு மூலையில் மட்டும் நீர் வடியாமல் நின்று, காய்ந்ததும் மண் இறுகி, பயிர் ஆண்டுதோறும் சொட்டை சொட்டையாக நிற்பதைப் பல விவசாயிகள் கண்டிருப்பார்கள். இத்தகைய களர்த் திட்டு பெரும்பாலும் சில சென்ட் பரப்பே இருக்கும். அதற்குத் தனியே மண் மாதிரி எடுத்துத் தனியே சீர்திருத்தம் செய்தால், சில மூட்டை ஜிப்சத்துடன் செலவு முடிந்துவிடும். அதன் பரப்பைத் தவறாகக் கணக்கிட்டாலோ, அதன் மண்ணை நல்ல மண்ணுடன் கலந்து அனுப்பினாலோ, பணமும் ஒரு பருவமும் வீணாகும்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு விவசாயியும் தம் வயலுக்கு ஒரு வரைபடமும், அதில் தொல்லை உள்ள பகுதிக்கு ஒரு பெரிதாக்கிய உட்படமும் வைத்திருப்பது நல்லது. கட்டம் போட்ட தாள், அடிக்கோல், பென்சில், 30 மீட்டர் நாடா ஆகிய நான்கும் இருந்தால் அரை நாளில் இதைச் செய்து முடிக்கலாம்.

உட்படம் என்றால் என்ன?

தமிழ்நாட்டின் சாலை வரைபடங்கள் பலவற்றில், ஓர் ஓரத்தில் கட்டம் கட்டி, சென்னை நகரத்தை மட்டும் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். மாநிலப் படத்தில் சென்னை ஒரு புள்ளியாகவே தெரியும். அதற்குள் உள்ள தெருக்களைக் காட்ட இடம் போதாது. எனவே அந்தச் சிறு பகுதியைத் தனியே எடுத்துப் பெரிதாக்கி, அதே தாளில் வெற்றிடமாக உள்ள மூலையில் வைக்கிறார்கள். இதுவே உட்படம் ஆகும்.

உட்படம் இரு வகைப்படும்.

1. பெரிதாக்கிய உட்படம்: முதன்மைப் படம் முழு வயலைக் காட்டும், உட்படம் அதில் ஒரு சிறு பகுதியை நெருங்கிக் காட்டும்.

2. இருப்பிட உட்படம்: முதன்மைப் படம் வயலைக் காட்டும், உட்படம் அந்த வயல் ஊரில் எங்கே இருக்கிறது என்பதை ஏரி, சாலை, வாய்க்கால் ஆகியவற்றுடன் சிறிதாகக் காட்டும். வெளியூரிலிருந்து வயலைப் பார்க்க வரும் அலுவலருக்கு வழி காட்ட இது உதவும்.

களர்த் திட்டுக்கு நமக்கு வேண்டியது முதல் வகை.

அளவுத்திட்டத்தை அறிதல்

படத்தில் உள்ள நீளத்திற்கும் நிலத்தில் உள்ள நீளத்திற்கும் உள்ள விகிதமே அளவுத்திட்டம். 1:1000 என்றால் படத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 1000 செ.மீ., அதாவது 10 மீட்டர் ஆகும். 1:250 என்றால் படத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் இரண்டரை மீட்டர் ஆகும். வலப்பக்க எண் சிறியதாக ஆக, படம் பெரியதாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீளம் நான்கு மடங்கு பெரிதானால் பரப்பு நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு பெரிதாகும். நீளம், அகலம் இரண்டும் நான்கு மடங்காவதே இதற்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவருடைய வயல் 100 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். இதன் பரப்பு 8000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 98 சென்ட். 1:1000 அளவில் வரைந்தால் படம் 10 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் இருக்கும். பள்ளிக்கூட நோட்டின் ஒரு பக்கத்தில் இது எளிதாக அடங்கும்.

வயலின் வடகிழக்கு மூலையில் 20 மீட்டருக்கு 15 மீட்டர் அளவில் ஒரு களர்த் திட்டு உள்ளது. இதன் பரப்பு 300 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 7.4 சென்ட். முதன்மைப் படத்தில் இது 2 செ.மீ.க்கு 1.5 செ.மீ. அளவே வரும். அதற்குள் பத்து மாதிரி இடங்களையும், வடிகாலையும், நிலச் சரிவையும் குறிக்க முடியாது. ஆகவே இந்த மூலையை மட்டும் 1:250 அளவில் உட்படமாக வரைகிறோம். இப்போது திட்டு 8 செ.மீ.க்கு 6 செ.மீ. அளவில் வரும். குறிப்புகள் எழுதப் போதிய இடம் கிடைக்கும்.

இந்தத் திட்டுக்கு ஏக்கருக்கு 2 டன் ஜிப்சம் தேவை என்று மண் பரிசோதனை முடிவு வந்ததாகக் கொள்வோம். (இந்த அளவு கணக்கிற்காகச் சொல்லப்பட்டது, உங்கள் மண்ணுக்கு உரிய அளவைப் பரிசோதனை நிலையமே கூறும்.) 7.4 சென்ட்டுக்கு 148 கிலோ போதும். இது 50 கிலோ மூட்டையில் மூன்று.

உட்படத்திற்குத் தனி அளவுத்திட்டம் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? பார்ப்பவர் முதன்மைப் படத்தின் 1:1000 அளவையே இதற்கும் பயன்படுத்துவார். 8 செ.மீ.யை 80 மீட்டர் என்றும், 6 செ.மீ.யை 60 மீட்டர் என்றும் கணக்கிடுவார். பரப்பு 4800 சதுர மீட்டர், அதாவது 1 ஏக்கர் 19 சென்ட் என்று வரும். ஜிப்சம் 2370 கிலோவுக்கு மேல், 48 மூட்டை தேவை என்று முடிவாகும். மூன்று மூட்டை போட வேண்டிய இடத்திற்கு 48 மூட்டை வாங்கும் இந்தத் தவறு, தாளில் ஒரு வரி எழுதாததால் விளைவது.

கட்டம் எண்ணிப் பரப்பு காணல்

திட்டுகள் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அமைவது அரிது. கோணல் மாணலான திட்டின் பரப்பைக் காணக் கட்டம் எண்ணும் முறை எளிது. தாளில் ஒரு செ.மீ. கட்டங்கள் இருக்க வேண்டும். திட்டுக்குள் முழுமையாக உள்ள கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை ஒன்றாகக் கொள்ளுங்கள். பாதிக்குக் கீழ் இருப்பதை விட்டுவிடுங்கள்.

1:1000 படத்தில் ஒரு கட்டம் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட்.
1:500 படத்தில் ஒரு கட்டம் 25 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட்டுக்குச் சற்று மேல்.
1:250 படத்தில் ஒரு கட்டம் ஆறேகால் சதுர மீட்டர். ஆறரைக் கட்டம் சேர்ந்தால் ஒரு சென்ட்.

இதே திட்டை முதன்மைப் படத்தில் எண்ணினால் மூன்று கட்டமே வரும். ஒரு கட்டம் பிசகினாலும் இரண்டரை சென்ட் பிசகும். உட்படத்தில் 48 கட்டம் வரும். ஒரு கட்டம் பிசகினால் ஆறேகால் சதுர மீட்டரே பிசகும். உட்படத்தின் பயன் இதிலிருந்து விளங்கும்.

புலப்படத்தைச் சரிபார்த்தல்

வயலின் எல்லையைப் புதிதாக அளந்து வரைய வேண்டியதில்லை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில அளவைத் துறையின் புலப்படம் உள்ளது. தமிழக அரசின் இணையவழிச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து இதைப் பெறலாம். பழைய புலப்படங்களில் நீளங்கள் சங்கிலியின் கண்ணிக் கணக்கில் இருக்கலாம். 100 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி 66 அடி. ஒரு கண்ணி 20.12 செ.மீ. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட்.

அச்சிட்ட புலப்படத்தில் எழுதியுள்ள அளவுத்திட்டத்தை அப்படியே நம்பக்கூடாது. தாளுக்குள் அடங்குமாறு அச்சிடும்போதும், நகல் எடுக்கும்போதும் படம் சுருங்கலாம்; ஆனால் அதில் எழுதிய 1:1000 என்னும் எண் மாறாது. இதைக் கண்டறிய ஒரு பக்கத்தை அளந்து பார்த்தால் போதும். படத்தில் ஒரு பக்கம் 42 மீட்டர் என்று எழுதியிருந்தால், 1:1000 அளவில் அது 4.2 செ.மீ. இருக்க வேண்டும். அடிக்கோலில் 3.5 செ.மீ. தான் வந்தால், அந்த நகலின் உண்மை அளவு 1:1200 ஆகும். எனவே நீங்கள் வரையும் படத்தில் எண்ணை மட்டும் எழுதாமல், கோடு ஒன்று போட்டு அதன் இரு முனைகளில் 0, 20 மீட்டர் என்று குறியுங்கள். படம் சுருங்கினால் அந்தக் கோடும் சேர்ந்தே சுருங்கும், கணக்கு தவறாது.

வரையும் முறை

1. புலப்படத்தில் உள்ள நீளங்களைக் கொண்டு வயலின் எல்லையை முதலில் வரைக. வடதிசையை அம்புக்குறியால் காட்டுக. சூரியன் மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டியே நேர் கிழக்கில் உதிக்கும். ஆகையால் உதிக்கும் இடத்தை மட்டும் நம்பாமல் புலப்படத்தின் திசையைப் பின்பற்றுக.

2. கிணறு, மோட்டார் அறை, வாய்க்கால், வடிகால், வரப்பு, மரங்கள் ஆகியவற்றைக் குறிக்க. நீர் எப்பக்கம் வடிகிறது என்பதை அம்புக்குறியால் காட்டுக.

3. பயிர் நிற்கும்போதே திட்டின் விளிம்பில் குச்சிகள் நட்டு வைக்க. அறுவடை முடிந்து உழுத பிறகு விளிம்பு தெரியாது.

4. வயலின் நிலையான ஒரு மூலையிலிருந்து, அதாவது எல்லைக் கல்லிலிருந்து, வரப்பை ஒட்டி நாடாவை இழுக்க. அதிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு குச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுக.

5. முதன்மைப் படத்தில் திட்டைச் சுற்றி ஒரு கட்டம் வரைக. அதே நீள அகல விகிதத்தில் பெரிய கட்டம் ஒன்றைத் தாளின் வெற்றிடத்தில் வரைந்து, அளவுகளை 1:250 கணக்கில் இடுக.

உட்படத்திற்கு உரிய விதிகள்

முதலாவது, உட்படம் எந்தப் பகுதியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதி முதன்மைப் படத்தில் கட்டமிட்டுக் காட்டப்பட வேண்டும். இரண்டு கட்டங்களுக்கும் 'அ' என்று ஒரே எழுத்தைப் போடலாம். இரண்டு உட்படங்கள் இருந்தால் 'அ', 'ஆ' எனப் பிரித்துக் காட்டுக.

இரண்டாவது, இரண்டு படங்களுக்கும் தனித்தனி அளவுக்கோடு வேண்டும். அமெரிக்க நாட்டுப் படங்கள் பலவற்றில் அலாஸ்கா மாநிலத்தை ஓர் ஓரத்தில் உட்படமாக, வேறு அளவில் சுருக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்ப்பவர் அலாஸ்காவை டெக்சஸ் மாநிலத்தைவிடச் சிறியது என்று எண்ணக்கூடும். உண்மையில் அலாஸ்கா டெக்சஸைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது.

மூன்றாவது, இரண்டிலும் வடக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று உட்படத்தைத் திருப்பி வரைந்தால், வடிகாலை எதிர்ப்பக்கம் வெட்ட நேரிடும். ஜிப்சம் இட்ட பிறகு நீர் தேக்கி வடிக்க வேண்டும். அந்த உப்பு நீர் நம் நல்ல வயலுக்குள்ளோ அடுத்தவர் வயலுக்குள்ளோ பாயக்கூடாது.

நான்காவது, குறியீடுகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மாதிரி இடத்திற்கு வட்டமும் மற்றொன்றில் பெருக்கல் குறியும் இடுவது குழப்பம் தரும்.

ஐந்தாவது, உட்படம் முதன்மைப் படத்தின் எந்தக் குறிப்பையும் மறைக்கக்கூடாது.

படத்தைக் கொண்டு மண் மாதிரி எடுத்தல்

நல்ல நிலத்திற்கு ஒரு மாதிரி, திட்டுக்கு ஒரு மாதிரி என இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். களர் மண் ஒரு கையும் நல்ல மண் ஒன்பது கையும் கலந்தால், வரும் முடிவு இரண்டுக்குமே பொருந்தாது. நல்ல நிலத்திற்குத் தேவையற்ற பரிந்துரையும், திட்டுக்குப் போதாத பரிந்துரையும் கிடைக்கும்.

ஒவ்வொரு பகுதியிலும் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுக்க. வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க. மேலுள்ள சருகை நீக்கி, ஆங்கில எழுத்து 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க. நெல், கேழ்வரகு, நிலக்கடலை போன்றவற்றுக்கு 15 செ.மீ. ஆழமும், பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி ஆகியவற்றுக்கு 22 செ.மீ. ஆழமும் போதும். எல்லா மண்ணையும் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பகுதிகளை நீக்கி, அரை கிலோ வரும்வரை இவ்வாறு குறைத்துப் பையில் இடுக.

ஒவ்வொரு இடத்தின் எண்ணையும் உடனே படத்தில் குறியுங்கள். திட்டின் மாதிரிப் பையில் 'உட்படம் அ' என்று எழுதி, சீட்டில் ஜிப்சத் தேவையும் காண வேண்டும் என்று குறிப்பிடுங்கள். சீர்திருத்தம் செய்த பிறகு அதே இடங்களில் மீண்டும் மாதிரி எடுத்தால்தான், கார அமில நிலை 8.5-க்குக் கீழ் இறங்கியதா என்பதைச் சரியாக ஒப்பிட முடியும்.

பெரிதாக்குவதால் நுட்பம் கூடாது

உட்படத்தைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்று பரவலாக உள்ளது. படத்தைப் பெரிதாக்கினால் அதில் உள்ள அளவும் நுட்பமாகிவிடும் என்று நினைப்பதே அது. படம் பெரிதாகும்போது அதில் உள்ள பிழையும் சேர்ந்தே பெரிதாகும்.

1:5000 கிராம வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள கோடு, நிலத்தில் இரண்டரை மீட்டர் அகலத்தை அடைக்கும். அதை நகல் பொறியில் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் கோடுதான் தடிக்குமே தவிர, எல்லை எங்கே என்பது தெளிவாகாது. வரப்புத் தகராறுக்கு இத்தகைய பெரிதாக்கிய நகலை ஆதாரமாகக் கொள்வது வீண். புலப்படத்தில் எழுதியுள்ள அளவுகளைக் கொண்டு நில அளவர் அளந்து காட்டுவதே தீர்வு.

கைப்பேசியில் எடுக்கும் இருப்பிடப் புள்ளிக்கும் இது பொருந்தும். திறந்த வெளியில்கூட அது 5 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டக்கூடும். 1:1000 படத்தில் 5 மீட்டர் என்பது அரை செ.மீ.; 1:250 உட்படத்தில் 2 செ.மீ. 15 மீட்டர் அகலமுள்ள திட்டில் 5 மீட்டர் பிசகு என்றால் மூன்றில் ஒரு பங்கு. எனவே முழு வயலுக்குக் கைப்பேசி உதவலாம். உட்படத்திற்குரிய அளவுகளை நாடாவால்தான் எடுக்க வேண்டும்.

கணிப்பொறியில் வரைதல்

வீட்டில் கணிப்பொறி பழகிய பிள்ளைகள் இருந்தால் இதே படத்தை 'ஆர்' என்னும் மென்பொருளில் வரையலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் உருவாக்கிய இது விலையின்றிக் கிடைக்கிறது. இதன் முதல் முழுப் பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது.

இதில் நிலப்படம் பழகுவோர் பலரும் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒரு மண் பரிசோதனைதான். நெதர்லாந்தில் ஸ்டைன் என்னும் ஊருக்கு அருகே மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் மேல்மண் எடுத்து, காட்மியம், செம்பு, காரீயம், துத்தநாகம் ஆகியவற்றை அளந்தார்கள். துத்தநாகம் ஒரு கிலோ மண்ணில் 113 மில்லிகிராம் முதல் 1839 மில்லிகிராம் வரை இருந்தது. ஆறு கொண்டுவந்த உலோகங்கள் வெள்ளத்தில் படிந்ததால் கரையோரத்திலும் தாழ்ந்த இடங்களிலும் அளவு மிகுந்திருந்தது. அந்தப் பகுதி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். ஒவ்வொரு மாதிரியும் 15 மீட்டர் சதுரத்திலிருந்து எடுத்தது. 1:25,000 அளவில் 4 கிலோமீட்டர் 16 செ.மீ. ஆகும், 15 மீட்டரோ ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கரையோரத்தை நெருங்கிப் பார்க்க அங்கும் உட்படமே தேவை.

வரையும் படிகள் தாளில் செய்தவைதாம்.

1. புள்ளிகளை 'எஸ்எஃப்' தொகுப்பின் மூலம் படித்து, பாகைக் கணக்கிலிருந்து மீட்டர் கணக்கிற்கு மாற்றுக. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்கள் யூடிஎம் 43-ஆம் மண்டலத்திலும், திருச்சி, தஞ்சை, சென்னை ஆகியவை 44-ஆம் மண்டலத்திலும் அடங்கும்.

2. 'ஜிஜிபிளாட்2' தொகுப்பில் முழு வயலையும் வரைந்து, திட்டைச் சுற்றிக் கட்டம் இடுக.

3. அதே படத்தை மறுபடி எடுத்து, 'கோஆர்ட் எஸ்எஃப்' கட்டளையில் கட்டத்தின் நான்கு எல்லைகளைக் கொடுக்க. இதில் 'எக்ஸ்பாண்ட்' என்பதை 'ஃபால்ஸ்' என அமைக்க வேண்டும். இல்லையேல் மென்பொருள் தானாகவே விளிம்பைச் சற்று அகட்டிவிடும். கட்டமும் உட்படமும் பொருந்தாது.

4. 'ஜிஜிஸ்பேஷியல்' தொகுப்பைக் கொண்டு இரண்டிலும் தனித்தனி அளவுக்கோடு இடுக.

5. 'பேட்ச்வொர்க்' தொகுப்பின் 'இன்செட் எலிமென்ட்' கட்டளையால் உட்படத்தை வெற்றிடத்தில் பொருத்துக.

பொறி வரைந்த படம் அழகாக இருக்கும் என்பதால் மட்டும் சரியாக இருக்கும் என்று கொள்ளக்கூடாது. வயலில் ஒரு பக்கத்தை நாடாவால் அளந்து, படத்தின் அளவுக்கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நினைவில் கொள்ள

உட்படம் காட்டும் இடத்தை முதன்மைப் படத்தில் கட்டமிடுக, இரண்டுக்கும் தனி அளவுக்கோடு வைக்க, வடக்கை மாற்றாதிருக்க, திட்டை நாடாவால் அளக்க, அதன் மண்ணைத் தனிப் பையில் இடுக. இந்தப் படத்தை மண் பரிசோதனை முடிவுடன் ஒரே உறையில் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் தேதியிட்டுப் புதிய முடிவுகளையும் அதில் எழுதி வந்தால், திட்டு குறைந்து வருகிறதா, பரவி வருகிறதா என்பது சில ஆண்டுகளில் கண்கூடாகத் தெரியும். வரும் பயிரின் அறுவடைக்கு முன்பே, திட்டின் விளிம்பு தெரியும்போதே, குச்சிகளை நட்டு வைத்து இப்பணியைத் தொடங்கி விவசாயிகள் பயன் பெறலாம்.